காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ரயில்வே பழம்பொருள்: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

ரயில்வே பழம்பொருள் சேர்ப்பவருக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண் கொடுக்கலாம். பிரித்துச் சொன்னால், காகிதத்துக்கு நான்கரை, தகரத்துக்கு மூன்று, பித்தளைக்கு ஒன்று. வாசலில் பளபளவென்று தொங்குவதைக் கடந்து, உள்ளே தூசி படிந்த மூலையில் எழுத்துள்ள பொருளாகப் பார்த்து எடுப்பவருக்கு இது நல்ல தெரு. எழுத்து என்றால் ஊர்ப்பெயர், கம்பெனிப் பெயர், எண், கட்டணம், தேதி, இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். அது இல்லாத விளக்கு எவ்வளவு பழசாக இருந்தாலும் எந்த ஊர் வரலாற்றோடும் சேராது. வீட்டு அலங்காரத்துக்கு ஆகும், அவ்வளவே.

இந்தத் தெரு ரயில்வேக்காகப் பேர் வாங்கியதல்ல. செட்டிநாட்டு வீடுகளைப் பங்கு பிரிக்கும்போதும் இடிக்கும்போதும் வெளியே வருகிற சாமான்தான் இங்கே முதல்: மரத்தூண், கதவு நிலை, எனாமல் பாத்திரம், பீங்கான் ஜாடி, ரவிவர்மா அச்சுப்படம், டிரங்குப் பெட்டி. ரயில்வே பொருள் இவற்றோடு ஒட்டிக்கொண்டு வருவது. அதனால் தனி அலமாரி, தனி விலைப்பட்டியல் என்று எதிர்பார்க்க வேண்டாம். பூட்டுக் கூடையைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும், டிரங்குப் பெட்டியைத் திறந்து மூடியின் உட்புறம் பார்க்க வேண்டும், பழைய கணக்கு நோட்டையும் கடிதக் கட்டையும் புரட்ட வேண்டும். பொறுமை இல்லாதவருக்கு வாசல் சாமான்தான் கிடைக்கும்.

வந்த வழியை வைத்து இங்கே கிடைப்பதை மூன்றாகப் பிரிக்கலாம். முதல் வகை வீட்டோடு இருந்தது: பயணச்சீட்டு, லக்கேஜ் ரசீது, பெட்டியில் ஒட்டிய லேபிள், கால அட்டவணை. பர்மா, மலேயா, இலங்கை என்று போய் வந்த குடும்பங்களின் மிச்சம் இது. இரண்டாவது வகை ரயில்வேயிலிருந்து பழைய இரும்பாகக் கழிந்தது: விளக்கு, பூட்டு, வில்லை (ஊழியர் அணிந்த அடையாளத் தகடு). மூன்றாவது வகை புதிதாகச் செய்து பழசாக்கியது. மொராதாபாத்தும் ரூர்க்கியும் இப்படிப்பட்ட பித்தளைச் சாமானுக்குப் பெயர் போனவை. திசைகாட்டி, தொலைநோக்கி, கப்பல் விளக்கு செய்கிற அதே பட்டறை வேலைதான் ரயில்வே விளக்காகவும் இறங்குகிறது. கடைக்காரர் மூன்றையும் ஒரே முகத்தோடு 'செட்டியார் வீட்டுச் சாமான்' என்பார். அதில் பெரும்பாலும் பொய் இல்லை, அவருக்கு அப்படித்தான் சொல்லப்பட்டிருக்கும். பிரித்தறிவது வாங்குகிறவர் பொறுப்பு.

முதலில் ஒரு வருஷக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு மீட்டர் கேஜ் பாதை வந்தது 1929-ல். அங்கிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு நீண்டது 1930-ல். ஆகவே '1890 காரைக்குடி ஸ்டேஷன் விளக்கு' என்று ஒன்று உலகத்திலேயே இருக்க முடியாது. அதற்கு முன் இந்தப் பக்கத்து ஜனங்கள் மாட்டு வண்டியில் திருச்சிக்கோ, மதுரை–மண்டபம் பாதை 1902-ல் வந்தபின் மானாமதுரைக்கோ போய்த்தான் ரயில் ஏறினார்கள். செட்டிநாட்டு வீட்டில் கிடைக்கிற 1930-க்கு முந்திய டிக்கெட் வேறு ஊர் ஸ்டேஷனில் வாங்கியதாகத்தான் இருக்கும். அப்படி இருந்தால் அது சந்தேகத்துக்குரியது அல்ல, மேலும் சுவையானது. எந்த ஸ்டேஷனிலிருந்து ஏறினார் என்பது அந்தக் குடும்பம் எந்தச் சாலையைப் பயன்படுத்தியது என்பதற்குத் தடயம்.

எழுத்தைப் படிக்கிற விதம்

பொருளில் பொறித்த முதலெழுத்துகளை இப்படிப் பிரிக்கலாம். எஸ்.ஐ.ஆர். என்றால் சவுத் இந்தியன் ரயில்வே. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா, கர்நாடிக் என்ற இரு கம்பெனிகள் சேர்ந்து 1874-ல் அந்தப் பெயர் வந்தது. 1944-ல் அரசு நிர்வாகத்துக்குப் போனபிறகும் பெயர் நீடித்தது. எம்.எஸ்.எம். என்றால் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா, 1908 முதல். இவ்விரண்டும் மைசூர் ரயில்வேயும் சேர்ந்து 1951 ஏப்ரல் 14-ல் சதர்ன் ரயில்வே ஆயின.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எஸ்.ஆர். என்று மட்டும் பொறித்திருந்தால் அது நம்முடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இங்கிலாந்திலும் 1923 முதல் 1947 முடிய ஒரு சதர்ன் ரயில்வே இருந்தது. எம்.ஆர். என்றால் மெட்ராஸ் ரயில்வே என்றும் கொள்ளலாம், இங்கிலாந்தின் மிட்லண்ட் ரயில்வே என்றும் கொள்ளலாம். என்.இ.ஆர். என்பதற்கும் இரு நாட்டிலும் சொந்தக்காரர் உண்டு. முதலெழுத்தை மட்டும் நம்பாமல், கூடவே ஸ்டேஷன் குறியீடோ, இந்தியக் கொள்முதல் அடையாளமோ, உள்ளூர்ப் பழுதுபார்ப்பின் தடமோ இருக்கிறதா பாருங்கள். குறியீடு இருந்தால் வேலை சுலபம்: காரைக்குடிக்குக் கே.கே.டி.ஐ., புதுக்கோட்டைக்குப் பி.டி.கே.டி., மானாமதுரைக்கு எம்.என்.எம்., திருச்சிக்கு டி.பி.ஜே., கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஸ்டேஷனான செட்டிநாட்டுக்குச் சி.டி.என்.டி.

சி.ஜி.ஆர். என்று கண்டால் ஒதுக்கிவிடாதீர்கள். அது சிலோன் கவர்ன்மென்ட் ரயில்வே. எஃப்.எம்.எஸ்.ஆர். என்றால் மலாய்க் கூட்டு மாநிலங்களின் ரயில்வே. வட்டிக்கடை வைத்திருந்த குடும்பங்களின் பெட்டியோடு இவை செட்டிநாட்டுக்கு வந்து சேர்ந்தவை. சென்னையில் தேடினால் சுலபத்தில் கிடைக்காதவை காரைக்குடியில் கிடைப்பதற்கு இதுதான் காரணம்.

தமிழ் எழுத்துள்ள பொருளுக்கு இன்னொரு சோதனை உண்டு. ணை, லை, ளை, னை ஆகியவற்றை யானைத் தும்பிக்கை போல மேலே வளைத்தும், ணா, றா, னா ஆகியவற்றைக் கால் இல்லாமல் சுழித்தும் எழுதிய பழைய வடிவத்தைத் தமிழக அரசு 1978-ல் மாற்றியது. '1940' என்று சொல்லி விற்கிற பலகையில் 'சென்னை'யோ 'மானாமதுரை'யோ இன்றைய எழுத்தில் இருந்தால் அது பெரும்பாலும் போலி. காரைக்குடி, புதுக்கோட்டை என்ற பெயர்களில் இந்தச் சோதனை பலிக்காது, மாறிய எழுத்து அவற்றில் இல்லை. இது ஒருபக்கச் சோதனை என்பதையும் மறக்க வேண்டாம். புது எழுத்து இருந்தால் ரயில்வேப் பொருள் புதிது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பழைய எழுத்து இருந்தால் பொருள் பழையது என்று சொல்ல முடியாது; அச்சுக்கூடங்களில் பழைய ஈய எழுத்து 1978-க்குப் பிறகும் ஓடியது, பெயின்டர்களின் கையும் உடனே மாறிவிடவில்லை.

டிக்கெட்: இந்தத் தெருவின் சிறந்த கொள்முதல்

தாமஸ் எட்மண்ட்சன் என்ற ஆங்கிலேய ஸ்டேஷன் மாஸ்டர் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்த அட்டை டிக்கெட்தான் நம்மூரில் கணினி டிக்கெட் வரும்வரை ஓடியது. அளவு சுமார் 57 மி.மீ.க்கு 30 மி.மீ., கனம் முக்கால் மி.மீ.க்குச் சற்று மேல். ஒரு வரிசைக்கு 0000 முதல் 9999 வரை எண். எண் இரு முனையிலும் இருக்கும். நிலையத்தில் மரக் குழாய்களில் அடுக்கி, அடியிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக் கொடுப்பார்கள். இறங்கிய ஊரில் வாங்கிக்கொள்வார்கள். ஆகவே பயன்படுத்திய டிக்கெட் வீட்டில் தங்கியிருப்பதே விதிவிலக்கு. தேதி குத்தியதும், பரிசோதகர் கத்தரித்த வெட்டும் உள்ள டிக்கெட் பயன்படாத பத்து டிக்கெட்டுக்குச் சமம். பிளாட்பாரம் டிக்கெட் மட்டும் தாராளமாகக் கிடைக்கும். அதற்கு அதிகம் கொடுக்க வேண்டாம்.

தேதி மங்கிப்போனாலும் காலத்தைக் கணிக்கலாம். கட்டணம் ரூபாய்-அணா-பை என மூன்று பகுதியாக இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன். 'நயா பைசா' என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில்; 1964 ஜூனில் 'நயா' போய்விட்டது. மூன்றாம் வகுப்பு என்று இருந்தால் 1974-க்கு முன், அந்த ஆண்டோடு மூன்றாம் வகுப்பே ஒழிந்தது. இந்தி இருந்தால் சுதந்திரத்துக்குப் பின். மாயவரம் என்று இருந்தால் 1982-க்கு முன், அந்த ஆண்டுதான் ஊர் மயிலாடுதுறை ஆனது. இரண்டு மூன்று அடையாளங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால் பத்தாண்டுக்குள் கொண்டுவந்து நிறுத்திவிடலாம்.

இதே கணக்கு போலியையும் காட்டிக்கொடுக்கும். தேதி குத்தும் கருவி கையில் கிடைத்தவர்கள், பயன்படாத பழைய டிக்கெட்டில் விருப்பமான தேதியைக் குத்தி விலையை ஏற்றுகிறார்கள். 1948 என்று தேதி இருந்து கட்டணம் நயா பைசாவில் இருந்தால் சங்கதி வெளிச்சம். அச்சையும் தடவிப் பாருங்கள். ஈய எழுத்தில் அடித்த எண் அட்டையில் அமுங்கியிருக்கும், பத்து மடங்கு லென்ஸில் எழுத்தின் விளிம்பில் மை ஒதுங்கிய கோடு தெரியும். லேசர் பிரிண்ட் தட்டையாக இருக்கும், வெளிச்சத்தில் சாய்த்தால் மினுங்கும், எழுத்தைச் சுற்றிப் பொடிப் புள்ளிகள் சிதறியிருக்கும். கலர் ஜெராக்ஸை டீ டிகாக்‌ஷனில் முக்கிப் பழசாக்கியதும் சந்தைக்கு வருகிறது. அதில் கறை ஒரே சீராக இருக்கும், உண்மையான பழுப்பு விளிம்பில் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் இருக்கும்.

எண் தொடர்ச்சியாகக் கட்டுக்கட்டாக இருக்கிற விற்காத டிக்கெட் வேண்டாம். எப்படி வெளியே வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

பெட்டி லேபிள், தனுஷ்கோடி, தகர வில்லை

டிரங்குப் பெட்டியை வாங்கினால் லேபிளுக்காக வாங்குங்கள். பாம்பன் பாலம் திறந்தது 1914 பிப்ரவரியில். அன்று முதல் போட் மெயில் தனுஷ்கோடி வரை ஓடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், பிறகு சிலோன் ரயில். அதற்கு முன் கொழும்புக் கப்பல் தூத்துக்குடியிலிருந்து. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ஸ்டேஷனே போய்விட்டது. ஆகவே தூத்துக்குடி–கொழும்பு லேபிள் என்றால் பெரும்பாலும் 1914-க்கு முன், தனுஷ்கோடித் துறை என்றால் 1914-க்கும் 1964-க்கும் நடுவில். லேபிளை உரிக்கச் சொல்லாதீர்கள், உரித்ததை வாங்காதீர்கள். பெட்டியை விட்டுப் பிரிந்த லேபிள் யாருடையது என்று எவராலும் நிரூபிக்க முடியாது. பெட்டி மூடியில் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும் முதலெழுத்தையும் ஊரையும் சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்.

செட்டியார் பயணத்துக்கு ஒரு லேபிள் என்றால் தோட்டத் தொழிலாளர் பயணத்துக்குத் தகர டிக்கெட். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்ப 1901 வாக்கில் தொடங்கிய முறை அது. எந்தத் தோட்டம் என்பதற்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண், இரண்டையும் பொறித்த சிறு உலோக வில்லையைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டி அனுப்புவார்கள். கையில் காசில்லாமல் ரயிலேறலாம், கட்டணம் தோட்டத்தின் கணக்கில் ஏறும். நடுவில் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைப்பார்கள். இந்த வில்லை அரிது. சில்லறைக் காசுக் குவியலில் துளையிட்ட, ராஜா தலையில்லாத, வெறும் எண்கள் மட்டும் உள்ள வட்டத் தகரம் கண்டால் நின்று பாருங்கள். ஆனால் நாய் வில்லை, ஆலை டோக்கன், கூலி டோக்கன் எல்லாம் இதே தோற்றத்தில் உண்டு. தோட்ட எண்ணும் ஆள் எண்ணுமாக இரண்டு எண் இல்லாவிட்டால் தகர டிக்கெட் விலை கொடுக்காதீர்கள்.

கை விளக்கு

அதிகம் ஏமாறுவது இதில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கார்டும், பாதையை மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனும் பிடித்த மூவண்ணக் கை விளக்கின் உடம்பு தகரம். மேலே கறுப்புப் பெயின்ட். பித்தளை இருந்தால் பர்னர், பெயர்த்தகடு, சில இடங்களில் கண்ணாடி வளையம், அவ்வளவே. இரவெல்லாம் கையில் தூக்கி நடக்க வேண்டிய சாமானை முழுப் பித்தளையில் எந்தக் கம்பெனி வாங்கிக் கொடுக்கும்? முழுதும் பித்தளையில் தகதகக்கும் 'ரயில்வே கை விளக்கு' கண்ணில் பட்டால் பட்டறைச் சாமான் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சிறு காந்தம் எடுத்துப் போங்கள். கறுப்பு விளக்கில் ஒட்டினால் சரி. பித்தளை என்று சொன்ன பாகத்தில் ஒட்டினால் இரும்பில் முலாம்.

அடுத்து மேல் குமிழைத் திருகுங்கள். உள்ளே இருக்கிற வண்ணக் கண்ணாடிக் கூடு சுழன்று, சிவப்பு, பச்சை, வெள்ளை ஒவ்வொன்றும் முன் லென்ஸுக்கு நேரே வந்ததும் ஒரு சொடுக்கோடு நிற்க வேண்டும். சொடுக்கில்லாமல் வழுக்கிக்கொண்டே சுற்றினால் ஒன்று ஸ்பிரிங் தேய்ந்திருக்கும், அல்லது அலங்காரத்துக்குச் செய்ததாக இருக்கும். கண்ணாடியை வானத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உண்மையான சிக்னல் பச்சை பகல் வெளிச்சத்தில் நீலம் கலந்து தெரியும். மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள் என்பதால், அதோடு சேர்ந்து பச்சையாகத் தெரியும்படி கண்ணாடியில் நீலத்தைக் கூட்டி வைத்தார்கள். பகலிலேயே பாட்டில் பச்சையாக இருந்தால் பின்னாளில் மாற்றிய கண்ணாடி, இல்லை புது விளக்கு. நகத்தால் ஓரத்தைச் சுரண்டினால் நிறம் உரிந்து வருவது வெறும் லாக்கர் பூச்சு.

புகைபோக்கிக்குள் விரலை விட்டுத் துடையுங்கள். உண்மையான கரி எண்ணெய்ப் பிசுக்கோடு விரலில் ஒட்டும், மண்ணெண்ணெய்த் துணிக்குக் கரைந்து வரும். கறுப்பு ஸ்பிரே பெயின்ட் அசையாது. எண்ணெய்த் தொட்டியை உருவிப் பாருங்கள். பல வருஷம் எரிந்த தொட்டியின் அடியில் வார்னிஷ் போல் மஞ்சள் பிசின் படிந்திருக்கும். மடிப்பு மூட்டும் ஈயப் பற்றுமாக இருப்பது பழைய வேலை. புள்ளிப் பற்று, பளிச்சென்ற புது ஸ்க்ரூ என்றால் புது வேலை. தொட்டியிலும் உடம்பிலும் எண் இருந்து இரண்டும் ஒத்துப்போனால் விலை கூடக் கொடுக்கலாம். ஒத்துப்போகாதது போலி என்று அர்த்தமில்லை, ஸ்டேஷனில் விளக்குகளை வைக்கும் லாம்ப் ரூமில் தொட்டிகள் மாறுவது சகஜம்.

வழக்கமாகக் கெட்டுப்போயிருப்பவை மூன்று: தொட்டி அடியில் துரு ஓட்டை, பர்னரின் திரிப் பல்சக்கரம் உடைவு, லென்ஸில் சூட்டு விரிசல். முதல் இரண்டும் சரிசெய்யக் கூடியவை. லென்ஸ் போனால் ஜோடி கிடைக்காது, விலையைப் பாதியாகக் கேளுங்கள்.

மற்றவை, சுருக்கமாக

விசில்: பர்மிங்காம் ஜே. ஹட்சன் கம்பெனியின் 'அக்மி தண்டரர்' அதிகம் கிடைக்கும். விசில் உண்மையாகவே இருக்கும், அதில் பொறித்த ரயில்வே பெயர்தான் பின்னால் சேர்த்தது. முதலில் அச்சடித்து அப்புறம் முலாம் பூசியிருந்தால் எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் முலாம் இருக்கும். முலாமைக் கீறிக்கொண்டு உள்பித்தளை தெரிந்தால் நேற்று வெட்டிய எழுத்து.

போர்ட்டர் வில்லை: பெரும்பாலும் தகட்டை அச்சில் அழுத்திச் செய்தவை, பின்புறம் எழுத்து குழிவாகத் தெரியும். மணல் வார்ப்பில் செய்ததன் முதுகு சொரசொரப்பாக இருக்கும். எண்ணோடு ஸ்டேஷன் பெயர் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

உணவறைப் பீங்கான்: முத்திரை மெருகுக்கு அடியில் இருக்க வேண்டும். நகத்துக்குத் தட்டுப்பட்டால் மேலே ஒட்டியது. உண்மையான தட்டில் கத்தி இழுத்த மெல்லிய கீறல்கள் நடுவில் நிறைந்திருக்கும். விளிம்பில் மட்டும் கீறல் இருந்தால் யாரோ வேண்டுமென்றே கீறியது.

இரண்டு பக்கமும் முகம் உள்ள, சுவரில் நீட்டிக்கொண்டிருக்கிற ஸ்டேஷன் கடிகாரம்: 'விக்டோரியா ஸ்டேஷன் 1747' என்று எழுதியதைத் தைரியமாகத் தாண்டிப் போகலாம். லண்டன் விக்டோரியா ஸ்டேஷன் திறந்ததே 1860-ல். 1747-ல் உலகில் எங்குமே பயணிகள் ரயில் கிடையாது. இவ்வளவு வெளிப்படையான தவறோடு இத்தனை வருஷமாக இது விற்றுக்கொண்டே இருப்பது ஒரு தனி அதிசயம்.

தண்டவாளத் துண்டு: மீட்டர் கேஜில் ஓடிய 50 பவுண்டு தண்டவாளம் மீட்டருக்குச் சுமார் 25 கிலோ. ஓர் அடித் துண்டு ஏழரை கிலோ இருக்க வேண்டும். பக்கவாட்டில் ஆலைப் பெயரும் ஆண்டும் உருட்டிப் புடைத்திருக்கும். பழைய வீட்டு உத்திர இரும்பிலும் இங்கிலாந்து ஆலைப் பெயர் உண்டு. அதை வெட்டித் தண்டவாளம் என்று நீட்டினால், மேலே உருண்டு தடித்த தலை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

சட்டம்

இதைப் படிக்காமல் கடைக்குள் நுழைய வேண்டாம். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கு எதிரான 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நியாயமான சந்தேகம் எழுந்தால், பொருள் முறையாகக் கிடைத்தது என்று நிரூபிக்க வேண்டியவர் வைத்திருப்பவர். முதல் குற்றத்துக்கே ஐந்தாண்டு வரை சிறை. வழக்கை எடுத்துக்கொண்டு வருவது ஆர்.பி.எஃப். எனும் ரயில்வே பாதுகாப்புப் படை. 'நான் கடையில் வாங்கினேன்' என்பது பில் இருந்தால்தான் பதில்.

ரயில்வே கழிவுச் சாமான் இப்போது ஐ.ஆர்.இ.பி.எஸ். என்ற ரயில்வேயின் மின்னணுக் கொள்முதல் இணையதளத்தில் ஏலம் போகிறது. லாட் லாட்டாக எடுக்கிறவர்களிடமிருந்து கைமாறிக் கடைக்கு வரும். அந்த ஏலத் தாளின் நகலைக் கடைக்காரர் காட்டினால் இரட்டை மகிழ்ச்சி. பெரும்பாலும் காட்ட முடியாது. குறைந்தபட்சம் பில்லில் பொருளின் பெயர், அதில் உள்ள எழுத்து, எண், அளவு, தேதி, கடை முகவரி, எந்த ஊரிலிருந்து வந்தது என்ற விவரம் எழுதி வாங்குங்கள். இந்தத் தெருவில் குறை என்று சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வோம்: துண்டுச் சீட்டில் 'பழைய சாமான் 1' என்று எழுதிக் கொடுக்கிற பழக்கம் விடவில்லை. கேட்டால் விவரமாக எழுதித் தருகிறவர்களும் இருக்கிறார்கள், தயங்காமல் கேட்க வேண்டும்.

நீல்ஸ் பால் டோக்கன் எனும் எஃகு உருண்டையை யார் கொடுத்தாலும் தொடாதீர்கள். ஒற்றைப் பாதையில் ஒரு செக்‌ஷனுக்குள் ஒரு வண்டிதான் என்பதை உறுதிசெய்த பாதுகாப்புக் கருவி அது. இரு ஸ்டேஷன் பெயரும் பொறித்திருக்கும், கணக்கில் ஒன்று குறைந்தால் ஸ்டேஷன் மாஸ்டர் பதில் சொல்ல வேண்டும். சட்டப்படி வெளியே வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தண்டவாளங்களை இணைக்கும் ஃபிஷ் பிளேட், சாவி, கிளிப் போன்ற பாதைச் சாமான்களுக்கும் இதே பதில்தான்.

சிங்கப்பூர், மலேசியா, லண்டன் என்று கொண்டுபோக நினைப்பவருக்கு இன்னொன்று. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கையெழுத்துப் பிரதிக்கு 75 ஆண்டு. நூறுக்குக் குறைந்ததுதான் என்றாலும் விமான நிலையத்தில் வாதாடாமல் இருக்க, தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். காரைக்குடிப் பாதையின் முதல் வருஷப் பொருள்களே இந்த எல்லையை நெருங்கிக்கொண்டிருக்கின்றன.

விலையும் பேரமும்

விலைக்கு அடித்தளம் எடைதான். பித்தளை, இரும்பு அன்றைய பழைய விலை கிலோவுக்கு என்ன என்று முதலில் விசாரித்துக்கொண்டு போங்கள். எழுத்தில்லாத பொருளுக்கு அதன்மேல் வேலைப்பாட்டுக்கு ஏற்பக் கொஞ்சம் கூடுதல். எழுத்திருந்தால், அது எந்த ஊரைச் சொல்கிறதோ அந்த ஊரின் அருமையைப் பொறுத்துக் கூடுதல். சென்னை எழும்பூர் என்றிருப்பதைவிடச் சிறு கிளைப்பாதை ஸ்டேஷன் பெயருக்குத்தான் சேகரிப்பாளர் மதிப்பு அதிகம். கடைக்காரர் தலைகீழாக, பெரிய ஊருக்கு அதிகம் கேட்பார். அங்கேதான் உங்களுக்கு லாபம். காகிதத்தைத் தனியாக எடுத்து விலை கேட்காதீர்கள், கட்டாகக் கேளுங்கள். ஒன்றை மட்டும் உருவி நீட்டினால் அது ஏதோ அரிய பொருள் என்று தெரிந்துவிடும்.

ஊர்க்கதையைத் தேடுவது

பொருளை வாங்கப் போவதற்கு முன் அசலைப் பார்த்துவிடுவது நல்லது. பல்லவன் எக்ஸ்பிரஸில் சென்னையிலிருந்து வருகிறவர் திருச்சியில் இறங்கி, ஜங்ஷன் அருகே 2014-ல் திறந்த ரயில்வே அருங்காட்சியகத்தில் கை விளக்கு, பீங்கான், கடிகாரம், வில்லை ஆகியவற்றைக் கண்ணால் அளந்துகொண்டு அடுத்த வண்டியில் காரைக்குடி போகலாம். சென்னையிலேயே பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலைப் பக்கத்து அருங்காட்சியகம் 2002 முதல் இருக்கிறது, ஆனால் அங்கே பெட்டியும் எஞ்சினும்தான் பெரிய ஈர்ப்பு. கையளவுச் சாமானுக்குத் திருச்சி மேல்.

வாங்கியபின் செய்ய வேண்டியது: பொருளில் உள்ள இரு ஊர்ப்பெயரை எடுத்து, அந்தப் பாதை எந்த ஆண்டு திறந்தது, எப்போது அகலப் பாதையானது என்று முதலில் எல்லை போடுங்கள். பிறகு எழும்பூர் ஸ்டேஷனுக்கு அருகில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பொதுப்பணித் துறை, ரயில்வே அரசாணைகளைப் பாருங்கள். நிலம் எடுத்தது, ஸ்டேஷன் பெயர் வைத்தது, பெயர் மாற்றக் கோரிய மனு எல்லாம் ஆணையாகப் பதிவாகியிருக்கும். எஸ்.ஐ.ஆர். லண்டனில் பதிவான கம்பெனி என்பதால் அதன் தாள்களைப் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பிரிவில் தேட வேண்டும். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய இதழ், விளம்பரம், துண்டறிக்கைக்குச் சிறந்த இடம். அந்தச் சேகரிப்பு காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்ததுதான், ஆகவே இந்தப் பக்கத்துப் பயண விளம்பரம் தேடுகிறவருக்கு இரட்டிப்புப் பொருத்தம். ஊரில் ஸ்டேஷனுக்கு எதிரே பழைய டீக்கடை, ஓய்வு பெற்ற கேங்மேன் குடியிருப்பு இரண்டையும் விடாதீர்கள். ஆவணத்தில் வராத பட்டப்பெயர்களும் வண்டி நேரங்களும் அங்கேதான் இருக்கும்.

வீட்டுக்கு வந்தபின்

புளி, எலுமிச்சை, பிதாம்பரி எதுவும் வேண்டாம். புளிச் சாற்றில் பித்தளையின் துத்தநாகம் கரைந்து மேலே செம்பு நிறம் ஏறிவிடும், அச்செழுத்தின் விளிம்பும் மழுங்கும். தகர விளக்குக்கு மண்ணெண்ணெய் தொட்ட மிக மெல்லிய எஃகுப் பஞ்சால் துருவை மட்டும் எடுத்து, மெழுகு தேய்த்தால் போதும். மறுபடி பெயின்ட் அடித்தால் சேகரிப்பு மதிப்பு போயிற்று. டிக்கெட்டை லாமினேட் செய்யாதீர்கள். பி.வி.சி. ஆல்பமும் ஆகாது, அதிலிருந்து கசியும் எண்ணெய் மையை இளக்கி அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை நல்லது. காற்றின் ஈரம் ஐம்பது சதவீதத்தை ஒட்டி இருக்கும்படி சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மாதம் ஒருமுறை திறந்து வெள்ளிப்பூச்சி பாருங்கள். அடுக்குப் பிரிந்த அட்டைக்குக் கோதுமைப் பசை, ஃபெவிகால் வேண்டாம்.

கடைசியாக விளக்கை ஊருக்குக் கொண்டுபோவது. எண்ணெய்த் தொட்டியில் பழைய மண்ணெண்ணெய் மிச்சம் இருந்தால் கடையிலேயே கொட்டி, தொட்டியைத் துடைத்து, மூடியைத் திறந்து வைத்துக் காயவிடுங்கள். ரயிலில் மண்ணெண்ணெய் கொண்டுபோவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம், மூன்றாண்டு வரை சிறைக்கு இடமுண்டு. ரயில்வே விளக்கு என்பதற்காக விதிவிலக்கு இல்லை. வண்ணக் கண்ணாடிக் கூட்டைக் கழற்றித் தனித்தனியே காகிதத்தில் சுற்றுங்கள். கழற்ற முடியாவிட்டால் கூட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் பஞ்சை அடைத்துக் குலுக்கிப் பாருங்கள். சத்தம் வரக் கூடாது. பில்லை விளக்கோடு வைக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.